டிரம்மில் நிரப்பி வைத்த தண்ணீர்

2024 மார்ச் 14, வியாழக்கிழமை. வழக்கம்போலக் காலை 5.10-க்கு எழுந்தேன். 5.25-க்குப் பட்டறைக்குப் போய் சோலார் மீட்டரைப் பார்த்து, முந்தின நாள் உற்பத்தியை டைரியில் எழுதினேன். 49.6 யூனிட். பேனல்கள் சுத்தமாக இருக்கும் வாரத்தில் 55-க்குக் குறையாது. பக்கத்து நூல் மில்லிலிருந்து வரும் பஞ்சுத் தூசியும், எங்கள் தெருவின் புழுதியும் மூன்று வாரத்தில் அவ்வளவு யூனிட்டைத் தின்றுவிடும். 5.40-க்குக் காபி. 5.50-க்கு நீல டிரம்மின் மூடியைத் திறந்து பார்த்தேன். கழுத்து வரை தண்ணீர் இருந்தது. அன்று பேனல் கழுவும் நாள்.

எனக்குச் சூலூரில் லேத் பட்டறை. வீடு பட்டறைக்குப் பின்னாலேயே. கூரைமேல் 24 பேனல்கள். முப்பத்தொரு வருடமாக டைரி எழுதுகிறேன். மெஷினுக்கு எந்தத் தேதியில் ஆயில் மாற்றினேன், போர்வெல் மோட்டாரை எப்போது வெளியே எடுத்தேன், தென்னைக்கு என்றைக்கு உரம் வைத்தேன், எல்லாம் அதில் இருக்கும். முடி அளவு பிசகினாலும் பொருள் திரும்பி வந்துவிடுகிற தொழில் என்னுடையது. அதனால் வந்த பழக்கமாக இருக்கலாம். சரியாக எழுதி வைத்திருப்பவனை யாரும் ஏமாற்ற முடியாது என்பது என் எண்ணம்.

பேனல் கழுவத் தண்ணீர் முக்கியம். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. சோலார் போட்ட முதல் வருடம் போர்வெல் தண்ணீரை அப்படியே பீய்ச்சி அடித்தேன். எங்கள் போர்த் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. வெயிலில் காய்ந்ததும் கண்ணாடியெல்லாம் சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளை பூத்துவிட்டது. வினிகர் கலந்து தேய்த்து அதை எடுக்க இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குப் பிறகு சுத்திகரித்த தண்ணீர்தான். வீட்டுக்கும் பட்டறைக்கும் சேர்த்து ஓர் ஆர்.ஓ. இயந்திரம் இருக்கிறது. கழுவும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே அதை ஓடவிட்டு இருநூறு லிட்டர் டிரம்மை நிரப்பிவிடுவேன்.

கழுவ வருபவர் நாற்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். முன்பு விசைத்தறியில் வேலை பார்த்தவர். இப்போது ஒரு மொபெட்டில் நீளக் கம்புப் பிரஷ்ஷையும் சின்ன மோட்டாரையும் கட்டிக்கொண்டு, எங்கள் வட்டாரத்துப் பட்டறைக் கூரைகளுக்கெல்லாம் அவர்தான் போய்வருகிறார். வெயில் ஏறுமுன் முடித்துவிடுவார். சூடான கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் படக் கூடாது என்பதில் என்னைவிடக் கறாரானவர்.

அன்று சரியாக 6.15-க்கு வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

“ஏனுங்ணா, டிரம்மு ரொம்பியிருக்குதுங்களா?”

“ரொம்பியிருக்குது அம்மணி. எரநூறு லிட்டர்.”

“அத்தன ஆகாதுங்ணா இன்னைக்கு. புது பிரஷ்ஷு வாங்கிப்போட்டன். தண்ணி கம்மியாத்தான் குடிக்கும்.” மோட்டாரை இறக்கி வைத்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். “நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு மில்லுக்கு வரச் சொல்லியிருக்கறாங்ணா. முந்நூறு பேனலு. வருசம் பூராம் வேலையிருக்கும். அது மட்டும் கெடச்சுப்போச்சுன்னா என்ற நாத்தனாளத் தறியில இருந்து நிறுத்திக் கூடக் கூட்டிக்குவனுங்க. அவளுக்கு அந்தப் பஞ்சு ஆகறதில்லீங்க. ராத்திரியெல்லாம் இருமறா.”

அவர் சொன்னது எங்கள் பக்கத்து மில்லை அல்ல, ஏழு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வேறொரு மில்லை. அதன் உரிமையாளர் எங்கள் தொழில் நண்பர்தான். அவரும் நானும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். “கெடைக்கும், கெடைக்கும்” என்று சொல்லிவிட்டு நான் உக்கடம் பக்கம் பழைய இரும்புக் கடைக்குக் கிளம்பினேன். கிளம்பும் முன் டைரியில் எழுதியது இவ்வளவுதான்: “6.15 பேனல் கழுவும் பெண் வந்தார். டிரம் 200 லி.” புது பிரஷ் தண்ணீர் குறைவாகக் குடிக்கும் என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. டைரியில் ஏறவில்லை.

பன்னிரண்டே காலுக்குத் திரும்பி வந்தேன். சாப்பிடும் முன் ஏணியில் ஏறிப் பார்ப்பது வழக்கம். ஏறினவன் அப்படியே நின்றுவிட்டேன். 24 பேனலிலும் மோர் தெளித்ததுபோல வெள்ளை வெள்ளையாகப் பொட்டுகள். ஓரங்களில் தண்ணீர் வடிந்து காய்ந்த இடத்தில் கோடுகோடாக உப்பு.

கீழே இறங்கி டிரம்மைப் பார்த்தேன். அதில் பாதிக்குமேல் தண்ணீர் அப்படியே இருந்தது. வழக்கமாக அடியில் ஒரு வாளிதான் மிஞ்சும். ஏணிக்குப் பக்கத்தில் போர்த் தண்ணீர்க் குழாய் ஒன்று இருக்கிறது. அதன் கீழே தரை இன்னும் ஈரமாக இருந்தது. எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. டிரம்மிலிருந்து மோட்டார் போட்டு ஏற்றச் சோம்பல்பட்டு, குழாயில் ஹோஸை மாட்டி வேலையை முடித்துவிட்டார் என்று தீர்மானித்துவிட்டேன்.

போன் செய்தேன்.

“அம்மணி, எந்தத் தண்ணியில கழுவுன?”

“டிரம்முத் தண்ணியிலதானுங்ணா. ஏனுங்க?”

“மேல வந்து பாரு, சுண்ணாம்புக் காளவாய் மாதிரி இருக்குது. டிரம்முல பாதிக்கு மேல தண்ணி நிக்குது. கொழாயடி ஈரம் காயல. நான் எல்லாத்தையும் கணக்கா எழுதி வெக்கறவன். எங்கிட்ட இதெல்லாம் வேண்டாம்.”

“இல்லீங்ணா, கொழாயில பிரஷ்ஷத்தானுங்க கழுவுனன்...”

நான் வைத்துவிட்டேன். அதோடு விட்டிருந்தால் இது எனக்கும் அவருக்கும் இடையிலான ஒரு கோபமாக முடிந்திருக்கும். அப்போது 12.40. சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்துகொண்டு, பேனல்களின் போட்டோவைக் குழுவில் போட்டு எழுதினேன்: “சுத்திகரித்த தண்ணீர் 200 லிட்டர் நிரப்பிக் கொடுத்தும், நம் பேனல்களைக் கழுவ வரும் பெண் போர்த் தண்ணீரில் கழுவிவிட்டுப் போயிருக்கிறார். இவரிடம் வேலை கொடுப்பவர்கள் பக்கத்தில் நின்று பார்க்கவும்.” குழுவில் 63 பேர். கைகூப்பும் படங்களும் நன்றிகளும் வரிசையாக வந்தன. 1.05-க்கு மில் உரிமையாளர் எழுதினார்: “நல்ல நேரத்தில் சொன்னீர்கள் தம்பி. நாளை வரவேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.”

அதைப் படித்தபோது எனக்கு ஒரு திருப்தி இருந்தது. இதை மறைக்காமல் எழுத வேண்டும் என்றுதான் இந்த அனுபவத்தையே எழுதுகிறேன்.

மாலை 4.40-க்கு மொபெட் சத்தம் கேட்டது. அவர்தான். பின்னால் இருபது லிட்டர் கேன் ஒன்றைக் கட்டிக் கொண்டுவந்திருந்தார். சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் வண்டியை நிறுத்திவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

“மில்லுல இருந்து கூப்புட்டுச் சொல்லீட்டாங்ணா. அதப் பத்திக் கேக்க வரலீங்க. ஒரே ஒரு பேனல மட்டும் என்ற தண்ணியில கழுவிக் காட்டீட்டுப் போயிர்றனுங்க. நீங்க பாத்துப்போட்டு என்ன வேணும்னாலும் சொல்லுங்க.”

“செரி, கழுவு.”

“இப்ப ஆகாதுங்ணா. கண்ணாடி கொதிச்சுக் கெடக்கும். வெயிலு தாழட்டுமுங்க.”

என்மேல் அவ்வளவு வருத்தம் இருக்கும்போதும் என் கண்ணாடியைப் பற்றிய கவலையை அவர் விடவில்லை. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. கிரைண்டர் ஓரத்தில் கிடந்த ஸ்டூலில் அவர் உட்கார்ந்தார். விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பிய ஹெலிகாப்டர் ஒன்று தலைக்குமேல் போனது.

என் மனைவி டீயும் ஒரு சொம்பு தண்ணீரும் கொண்டுவந்தாள். அவர் முதலில் தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்தார். பாதியில் நிறுத்தி, சொம்பைப் பார்த்தார்.

“ஏனுங்க்கா, சிறுவாணித் தண்ணி வருதுங்களா இப்ப?”

“அது எங்க கண்ணு, பத்து நாளைக்கொருக்கா வருது. இது மெஷின் தண்ணிதான்.”

“ருசியா இருக்குதுங்க. போன தடவ வந்தப்பக் குடிச்சனே, சப்புனு இருந்துச்சு.”

“அதையேன் கேக்கற,” என்றாள் என் மனைவி. “இவருக்கு நாக்கு நீளம். சிறுவாணி குடிச்சு வளந்தவராம், மெஷின் தண்ணி எறங்கறதில்லையாம். போன மாசம் மெக்கானிக்கு வந்தப்ப, ருசி வர்ற மாதிரி ஏதோ திருகி வெக்கச் சொல்லீட்டாரு.”

சொல்லி முடித்ததும் அவளுக்கே ஏதோ தட்டியிருக்க வேண்டும். என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாள்: “ஏனுங்க, அந்த டைரிய எடுத்துப் பாருங்க.”

எடுக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் எடுத்தேன். பிப்ரவரி 27, செவ்வாய். என் கையெழுத்தில், கோடு பிசகாமல் இருந்தது: “ஆர்.ஓ. மெக்கானிக் காலை 11.10-க்கு வந்தார். இரண்டு பில்டர் மாற்றம். தண்ணீரில் ருசி இல்லை என்றேன். டிடிஎஸ் திருகை இரண்டு சுற்றுத் திறந்தார். இப்போது நன்றாக இருக்கிறது.”

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். டிடிஎஸ் என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு. அந்தத் திருகைத் திறந்தால், உப்பு வடிகட்டப்படாத தண்ணீர் கொஞ்சம் நல்ல தண்ணீரோடு கலக்கும். குடிக்க ருசி வரும். எங்கள் வீட்டில் அப்படிக் கலப்பது போர்த் தண்ணீர்தான். முந்தின தடவை பேனல் கழுவியது பிப்ரவரி 22. திருகைத் திறந்தது 27. இரண்டு தேதிகளும் ஒரே டைரியில், ஐந்து பக்க இடைவெளியில் இருந்தன. நான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. ஈரத் தரையைப் பார்த்தேன், டிரம்மைப் பார்த்தேன், அந்த அம்மாவைப் பார்த்தேன். என் பக்கத்தைத்தான் பார்க்கவில்லை.

அவர் எழுந்து, பையிலிருந்து பேனா போன்ற சின்ன டிடிஎஸ் மீட்டரை எடுத்து டிரம்மில் மிச்சமிருந்த தண்ணீரில் வைத்தார். 418. தன் கேனில் வைத்தார். 21. எண்களை என்னிடம் காட்டினார். பிறகு, குறை சொல்கிற குரலில் இல்லாமல், சாதாரணமாகச் சொன்னார்.

“மத்த ஊட்டுல எல்லாம் மொதல்ல இத வெச்சுப் பாத்துட்டுத்தானுங்க மோட்டாரையே போடுவன். உங்க டிரம்முல மட்டும் வெக்கறதில்லீங்க.”

ஏன் வைப்பதில்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை.

5.50-க்கு அவர் மேலே ஏற, நானும் பின்னால் ஏறினேன். ஒரு பேனலைத் தன் தண்ணீரில் இரண்டு தடவை தேய்த்துக் கழுவினார். காய்ந்ததும் அது மட்டும் கண்ணாடியாக நின்றது. மற்ற 23 பேனல்களும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

“தப்பு என்ற மேலதான் அம்மணி. மனசுல வெச்சுக்காத,” என்றேன்.

“எங்கிட்டச் சொல்லி என்னங்ணா ஆகப்போகுது? அங்க சொன்னதுக்கு அங்கதானுங்க சொல்லோணும்.”

அவர் இறங்கும் முன்பே, கூரையில் நின்றபடி, குழுவில் எழுதினேன். தவறு என்னுடையது, ஆர்.ஓ. திருகைத் திறந்துவிட்டு மறந்துவிட்டேன், அவர் டிரம் தண்ணீரில்தான் கழுவியிருக்கிறார் என்று. மதியம் போட்ட செய்திக்கு வந்த நன்றிகளில் பாதிகூட இதற்கு வரவில்லை. ஒருவர் சிரிக்கும் முகம் போட்டார். மில் உரிமையாளர் பார்த்திருந்தார். பதில் எழுதவில்லை. போன் செய்தேன். எடுக்கவில்லை. சாப்பிடும்போது மறுபடியும் செய்தேன். எடுக்கவில்லை.

“அவரு படிச்சுட்டாரு. இனி அவரு இஷ்டம்,” என்றேன்.

“மத்தியானம் எழுதறப்ப அவரு இஷ்டம்னு விட்டீங்களா?” என்றாள் மனைவி. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள், மார்ச் 15. 5.10-க்கு எழுந்தேன். மீட்டர் பக்கம் போகவில்லை. காபி குடிக்கவில்லை. அந்த மில்லில் காலை ஆறு மணிக்கு ஷிப்ட் மாறும். அந்த நேரத்துக்கு உரிமையாளர் கேட்டில் நிற்பார் என்று எல்லாருக்கும் தெரியும். டைரியை ஸ்கூட்டர் பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். 5.50-க்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் வாட்ச்மேனோடு பேசிக்கொண்டிருந்தார்.

“என்ன தம்பி, காலங்காத்தால?”

பிப்ரவரி 27-ஆம் தேதிப் பக்கத்தைத் திறந்து வாசித்துக் காட்டினேன். முதல் ஷிப்ட் ஆட்கள் டிபன் பாத்திரத்தோடு எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

“இதத்தான் நேத்தே எழுதியிருந்தீங்களே. இதுக்குன்னு இவ்வளவு தூரம் வரோணுமா? போன்ல சொன்னாப் பத்தாதா?”

“போன்ல சொன்னதுனாலதானுங்ணா கெட்டுப்போச்சு.”

அவர் சிரித்தார். ஆனால் விடவில்லை. “அந்தப் புள்ள ஏமாத்தல. செரி, ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு தம்பி. தண்ணிய மீட்டர் வெச்சுப் பாக்காமக் கழுவியிருக்குதல்ல? அது வேலை தெரிஞ்ச ஆளு செய்யற காரியமா? எனக்கு முந்நூறு பேனலு. நான் எப்படிக் குடுக்கறது?”

இதற்கு என் டைரியில் பதில் இல்லை. ஒரு வருடத்துக்கு முன், அந்தப் பெண் முதன்முதலாக எங்கள் வீட்டுக்குக் கழுவ வந்த அன்று, டிரம்மில் மீட்டரை வைக்கப் போனார். நான் தடுத்தேன். “என்ற தண்ணியவே சோதிக்கறயா அம்மணி? நானே எல்லாம் பாத்துத்தான் வெச்சிருக்கறேன், அத உள்ள வை,” என்று சொன்னேன். அவர் முகம் சுருங்கி, மீட்டரைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அன்றைக்குத் தேதி போட்டு, நேரம் போட்டு, எத்தனை லிட்டர் செலவாயிற்று என்று எழுதினவன், இதை எழுதவில்லை. முந்தின நாள் குழுவில் மன்னிப்புக் கேட்டபோதும் திருகைப் பற்றித்தான் எழுதினேன். இதை விட்டுவிட்டேன். மறந்துபோய் விட்டதா, வேண்டுமென்றே விட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை.

டைரியை மூடினேன்.

“வெச்சுப் பாக்கத்தானுங்ணா வந்தாங்க. வேண்டாம்னு சொன்னவன் நானுங்க. என்ற ஊட்டுத் தண்ணியச் சோதிக்கக் கூடாதுன்னு சொல்லிப்போட்டேன். அவங்க ஒரு வருசமா அதுக்குக் கட்டுப்பட்டு இருந்துட்டாங்க.”

ஷிப்ட் சங்கு ஊதி ஓய்ந்ததும் அவர் சொன்னார்.

“ஒம்பது மணிக்கே வரச் சொல்லுங்க. இங்க எங்க தண்ணிய மொதல்ல மீட்டர் வெச்சுப் பாக்கோணும். பாக்க வேண்டாம்னு நானே சொன்னாலும் கேக்கக் கூடாதுன்னு சொல்லுங்க.”

கேட்டிலிருந்தே அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து சொன்னேன். “வாரனுங்ணா, ஒம்பதுக்கு முன்னாடியே வாரனுங்க” என்றார். கொஞ்சம் பொறுத்து, “உங்க டிரம்முலயும் இனிமே வெச்சுப் பாக்கலாங்களா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியில் கொஞ்சம் கேலியும் இருந்தது. எனக்கு அது தேவைதான்.

வீடு திரும்பியபோது வெயில் ஏறிவிட்டது. டைரியில் மார்ச் 15-க்கான யூனிட் கட்டம் காலியாக இருந்தது. போனில் பழைய ரீடிங் எல்லாம் இருக்கிறது, பார்த்து நிரப்பிவிடலாம். நிரப்பவில்லை. நான் எழுதி வைத்தால் அது சரியாகத்தான் இருக்கும் என்று எப்போதாவது எனக்குத் தோன்றும்போது, அந்தக் காலிக் கட்டத்தை ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.